பலகை இல்லாத ஆட்டமும் ஒளிரும் திரைகளும்

1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி விற்பனைக்கு வந்தது. முதல் அச்சில் 1000 பெட்டிகள். உள்ளே மூன்று சிறு புத்தகங்களும் சில குறிப்புத் தாள்களும் இருந்தன. ஆடுபலகை கிடையாது, காய்கள் கிடையாது, பகடைகளைக்கூடத் தனியாகத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அது. இன்று உலகெங்கும் ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகளுக்கெல்லாம் தாய்.

பலகை இல்லாத ஆட்டம் எங்கே நடக்கிறது? மேஜையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவர் டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துபவர். “படிக்கட்டு ஈரமாக இருக்கிறது. கீழே யாரோ முனகுவது கேட்கிறது” என்று அவர் சொல்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறார்கள். செய்வது பலிக்குமா என்ற சந்தேகம் வரும்போது இருபது முகப் பகடை உருள்கிறது. ஒருவர் சொன்னதைக் கேட்டு, அதன்மேல் இன்னொருவர் சொல்லிக் கட்டிக்கொண்டே போகிற ஆட்டம் இது. சதுரங்கத்தில் எதிராளியின் நகர்வைக் கவனிக்கத் தவறினால் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இங்கே கேட்கத் தவறியது போனது போனதுதான். அதை மீட்டெடுக்க வேண்டுமென்றால் இன்னொருவர் மறுபடி சொல்ல வேண்டும். அதற்காக மேஜை முழுதும் காத்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட மேஜைக்குத்தான் கைப்பேசியும் டேப்லெட்டும் மடிக்கணினியும் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆட்டம் தொடங்குமுன் ஃபோன்களை வாங்கி ஒரு கூடையில் போட்டுவிடும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். பெரிய தொலைக்காட்சித் திரையைப் படுக்கவைத்து அதையே மேஜையாக்கிக்கொண்ட வீடுகளும் இருக்கின்றன. ஆடுகிறவனாகவும் ஆட்டம் நடத்துகிறவனாகவும் நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். கருவி நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை என்பது என் அனுபவம். ஒரு கருவி மேஜையின் எந்த வேலையைத் தன் கையில் வாங்கிக்கொள்கிறது? அந்த வேலை கைமாறியபின் அங்கிருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்பது கூடியதா, குறைந்ததா? இதை வைத்தே ஒவ்வொன்றையும் எடைபோட வேண்டும்.

கூடிய இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் அடிப்படை நூல்கள் மூன்று. ஒவ்வொன்றும் 300 பக்கங்களுக்கு மேல். ஆடுபவர் கையேட்டில் மட்டும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட மந்திரங்கள் அகரவரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. நெருப்புக்கோள மந்திரம் எத்தனை அடி ஆரத்தில் பரவும், தப்பிக்க எந்தச் சோதனை என்று சண்டை நடுவே புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினால், கதையின் சூடு ஆறிவிடும். தேடுபெட்டியில் நான்கு எழுத்தைத் தட்டினால் பதில் வந்துவிடுகிறது. மாஸ்டரின் மடிக்கணினி இன்னும் பெரிய உதவி. ஆறு மாதத்துக்கு முன் ஒரு சத்திரக்காரனுக்கு வைத்த பெயரை நொடியில் கண்டுபிடிக்கலாம். அவன் அப்போது என்ன பொய் சொன்னான் என்பதையும் எடுத்துக்கொள்ளலாம். கதைக்கு நினைவாற்றல் தருகிற கருவியை நான் குறை சொல்ல மாட்டேன்.

தூரத்தைக் கடக்கவைத்ததும் இந்தத் திரைகள்தான். 2012-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொடங்கப்பட்ட ‘ரோல்20’ போன்ற இணைய மேஜைகள் இல்லாதிருந்தால், 2020-ன் ஊரடங்கு மாதங்களில் எத்தனையோ குழுக்கள் கலைந்தே போயிருக்கும். படிப்புக்கும் வேலைக்கும் பல ஊர்களுக்குச் சிதறிய நண்பர்கள் இன்றும் ஒரே கதைக்குள் வந்து உட்கார முடிகிறது. அங்கே திரையே மேஜை. நான் இங்கே பேசப்போவது, ஒரே அறையில் முகம்பார்த்து உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி.

ஒரே அறைக்குள் வந்த திரை செய்த மிகப் பெரிய மாற்றம் வரைபடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆனால் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

ஆரம்பகால ஆட்டங்களில் ஆடுபவர்களில் ஒருவருக்கு வரைபடக்காரர் என்றே ஒரு பொறுப்பு உண்டு. 1981-ல் டாம் மோல்ட்வே தொகுத்த அடிப்படை விதிநூலிலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது. மாஸ்டர் சொல்லுவார்: “வடக்கே முப்பது அடி போகிறது. அங்கே கிழக்கே திரும்புகிறது. திருப்பத்தில் ஒரு கதவு.” வரைபடக்காரர் கட்டம்போட்ட தாளில் காதால் கேட்டதைக் கோடாக்குவார். ஒரு திருப்பத்தைத் தவறாகக் கேட்டால் கோடு தவறும். கோடு தவறினால் திரும்பும் வழி தெரியாமல் குழுவே நிலவறைக்குள் தவிக்கும். அதனால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே தாளில் விளக்கமில்லாத வெற்றிடம் ஒன்று தெரிந்தால், “அங்கே ஒரு மறைவறை இருக்க வேண்டும்” என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். கேட்டதிலிருந்து பிறந்த கண்டுபிடிப்பு அது. கைகாக்ஸ் தன் வீட்டில் ஆட்டம் நடத்தும்போது கோப்பு அலமாரியின் மறைவில் உட்கார்ந்துகொள்வார், எங்களுக்கு அவருடைய குரல் மட்டுமே வரும் என்று அவரோடு ஆடியவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். குரல்தான் நிலவறை.

இப்போது தட்டைத்திரையில் வண்ண வரைபடம் விரிகிறது. பாத்திரங்கள் போகப் போக இருள் விலகுகிறது. கல்லின் வெடிப்பும் தண்ணீரின் மினுக்கமும் தெரிகின்றன. பார்க்க அழகாக இருக்கிறது, சண்டைக் காட்சிகளில் பயனும் பெரிது. யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கும் யாருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்ற வாக்குவாதமே எழாது. ஆனால் அதே திரையைச் சண்டையில்லாத நேரத்திலும் எரியவிட்டபோது என் மேஜையில் நடந்ததைச் சொல்கிறேன். நான் வர்ணித்துக்கொண்டிருக்கிறேன், கண்கள் எல்லாம் திரைமேல். திரையில் வரையப்படாத ஒன்றை நான் சொன்னால் அது அவர்கள் மனத்தில் பதியவே இல்லை. “அறையில் ஊதுபத்தி வாசனை வருகிறது” என்றேன். யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. வாசனையைப் படத்தில் காட்ட முடியாதே. மூன்று வாரம் முன்பு, படமே இல்லாமல் நடத்திய அமர்வில், இதே குழு ஒரு வாசனையை வைத்துத்தான் கொலையாளியைப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து சண்டை முடிந்ததும் திரையை அணைத்துவிடுகிறேன்.

அடுத்து, அதிகம் புலம்பப்படும் குறைக்கு வருவோம்: தன் முறை இல்லாதபோது ஃபோனுக்குள் போய்விடுவது. ஃபோனைப் பழிப்பது எளிது. கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தால் பழி முழுவதையும் அதன் தலையில் கட்ட மனம் வராது. ஐந்து பேர் ஆடுகிறார்கள். ஒவ்வொருவரும் தன் முறைக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கிறார்கள், எதிரிகளுக்காக மாஸ்டர் மூன்று நிமிடம். ஒருமுறை பேசியவருக்கு மறுபடி வாய் திறக்க வாய்ப்பு வர 15 நிமிடம் ஆகிறது. மருத்துவமனை வராந்தாவில்கூட 15 நிமிடம் சும்மா உட்கார முடியாத காலம் இது. அவர் ஃபோனை எடுக்கிறார். முறை வந்ததும் “என்ன ஆச்சு? அந்த ராட்சசன் இன்னும் உயிரோடு இருக்கிறானா?” என்று கேட்கிறார். நடந்ததைத் திரும்பச் சொல்ல ஒரு நிமிடம், அவர் யோசிக்க ஒரு நிமிடம். மூன்று நிமிட முறை ஐந்தாகிறது. அடுத்தவரின் காத்திருப்பும் அதே அளவு நீள்கிறது. அவரும் ஃபோனை எடுக்கிறார். ஒன்றை ஒன்று வளர்க்கிற இந்தச் சுழலில் ஃபோன் நோயும்தான், நோயின் அறிகுறியும்தான். தொடக்கம் ஆட்டத்தின் மந்தத்தில் இருக்கிறது. ஐந்தாம் பதிப்பின் சண்டை விதிகள், பாத்திரத்தின் நிலை உயர உயர, ஒவ்வொரு முறையிலும் தேர்வுகளைக் கூட்டிக்கொண்டே போகின்றன. தன் முறை வருமுன்பே என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு செய்துவைக்கும் பழக்கமும், மாஸ்டர் முறைக்கு வெளியே இருப்பவர்களிடமும் “உன் முகம் எப்படி இருக்கிறது இப்போது?” என்று கேட்கும் பழக்கமும் உள்ள மேஜைகளில் ஃபோன் தானாகவே பைக்குள் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஃபோன் பக்கத்தில் இருந்தாலே, தொடாவிட்டாலும், சிந்தனைத் திறன் குறைகிறது என்று டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வை இந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்துவைக்கிறார்கள். பின்னர் அதே சோதனையைத் திரும்பச் செய்த சிலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. அதனால் அதை வைத்துத் தடை போட நான் தயாராக இல்லை. எனக்கு அதைவிட உறுதியாகத் தெரிந்தது, கதை சொல்பவரின் நிலை. ஐந்து முகங்களைப் பார்த்துக் கதை சொல்லும்போது சொற்கள் தாமாக வருகின்றன. அதில் ஒரு முகம் குனிந்து கீழிருந்து வரும் நீல வெளிச்சத்தில் இருந்தால், குரல் தன்னையறியாமல் தாழ்கிறது. நாம் வர்ணனையைச் சுருக்குகிறோம். அந்தச் சுருக்கத்தின் நட்டம் ஃபோன் பார்த்தவருக்கு மட்டுமல்ல, கேட்டுக்கொண்டிருந்த நால்வருக்கும் சேர்த்துத்தான்.

பகடைக்கு வருகிறேன். செயலியில் ஒரு பொத்தானைத் தட்டினால் எண் வருகிறது. நேர்மையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் கையில் இருக்கும் பிளாஸ்டிக் பகடைகள் எல்லாம் சமமாக வார்க்கப்பட்டவை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. நெருப்புக்கோளத்துக்கு எட்டு அறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டுவதைவிட செயலி விரைவு என்பதும் உண்மை. வேறு வழியில்லாதபோது பகடையில்லாமலும் இந்த ஆட்டம் நடந்திருக்கிறது. 1979-ல் பகடைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அடிப்படைப் பெட்டியில் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்து அனுப்பினார்கள். அவற்றை வெட்டி ஒரு கோப்பையில் போட்டுக் குலுக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கோப்பையிலும் ஒன்று இருந்தது: எடுக்கும் கையை எல்லோரும் பார்த்தார்கள்.

நம் வீடுகளில் தாயக்கட்டையை இரண்டு கைகளுக்குள் வைத்து உருட்டும்போது வரும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இது புரியும். கட்டை தரையில் விழும் வரை யாரும் மூச்சுவிடுவதில்லை. இருபது முகப் பகடையில் இருபது விழும் வாய்ப்பு 5 விழுக்காடு. ஆறு பேர் தலைகளும் ஒரே இடத்தில் குவிய, அது சுழன்று சுழன்று நிற்கும் அந்த இரண்டு நொடியில் கதையின் முடிவு யாருக்கும் தெரியாது, மாஸ்டருக்கும் தெரியாது. ஃபோனில் வந்த எண்ணை உருட்டியவர் முதலில் பார்க்கிறார், பிறகு அறிவிக்கிறார். நாம் அதைச் செய்தியாகத்தான் கேட்கிறோம். கூட்டுச் சாட்சியாக இருந்தது தனியாள் அறிவிப்பாகச் சுருங்கிவிடுகிறது. பகடையைப் பொறுத்தவரை என் தீர்ப்பில் தயக்கமில்லை: ஒரே அறையில் இருப்பவர்கள் கையால் உருட்ட வேண்டும். கூட்டல் கணக்கை வேண்டுமானால் ஃபோன் போடட்டும்.

பாத்திரத்தின் திறன்களையும் பொருள்களையும் குறித்துவைக்கும் பாத்திரத் தாள் இதைவிடச் சிக்கலானது. 2017-ல் தொடங்கிய ‘டி அண்ட் டி பியாண்ட்’ தளத்தில் புதியவர் ஒருவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் அவருடைய பாத்திரம் தயாராகிவிடும். முதல் நாளில் விதிகளைக் கண்டு மிரண்டுபோகும் எத்தனையோ பேரை அது உள்ளே அழைத்து வந்திருக்கிறது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆறு மாதம் கழித்து அவரிடமே, “வாள் வீச்சில் ஏழைக் கூட்டிக்கொள்கிறாயே, அந்த ஏழு எங்கிருந்து வந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். தாளில் பென்சிலால் எழுதியவர் சட்டென்று சொல்வார்: பலம் 18, அதற்கு நான்கு, ஐந்தாம் நிலைப் பயிற்சிக்கு மூன்று. செயலிக்காரர் திரையைக் காட்டுவார். தன் பாத்திரம் எதில் வலியது, ஏன் வலியது என்று தெரியாதவருக்கு அதை வைத்து எப்படித் துணிவது என்பதும் தெரிவதில்லை.

இதில் இன்னும் ஆழமான ஒரு சேதம் இருக்கிறது. இந்த ஆட்டத்தின் உயிரே, எதையும் செய்து பார்க்கலாம் என்பதில் இருக்கிறது. எண்ணெய்க் குடுவையைப் படிக்கட்டில் கவிழ்க்கலாம். காவலாளியின் தாயைப் பற்றி விசாரித்து அவனை அழவைக்கலாம். எந்த விதிநூலும் இவற்றை முன்கூட்டி எழுதிவைக்க முடியாது என்பதால்தான் நடுவே ஒரு மனிதர், மாஸ்டர், உட்கார்ந்திருக்கிறார். திரையில் பாத்திரத் தாள் பொத்தான்களின் வரிசையாக வருகிறது: வாள், வில், இந்த மந்திரம், அந்த மந்திரம். ஆடுபவர் முறை வந்ததும் அறையைப் பார்க்காமல் பொத்தான்களைப் பார்க்கிறார். எண்ணெய்க் குடுவை பொருட்பட்டியலில் எங்கோ கீழே கிடக்கிறது. தாளிலும் பட்டியல் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் தாள் தட்டினால் ஓடாது. தட்டினால் ஓடுகிற பட்டியல், தட்ட முடியாததை மறக்கச் செய்கிறது. மூன்றே பொத்தான்களால் ஒரு மாலைப்பொழுதை ஓட்டிய ஆட்டக்காரர், மின்வெட்டு வந்த அன்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு கயிறும் அழுக்குப் போர்வையும் கொண்டு ஒரு கோட்டையையே ஏமாற்றியதை நான் பார்த்தேன். அதே ஆள், அதே பாத்திரம்.

புத்தகம் யாருடையது என்ற கேள்வியும் மேஜைக்கு வந்திருக்கிறது. நான்காம் பதிப்புக் காலத்தில் ‘டி அண்ட் டி இன்சைடர்’ என்ற சந்தா சேவை இருந்தது. பாத்திரம் அமைக்கும் கருவியைப் பலரும் அதில்தான் நம்பியிருந்தார்கள். அது சில்வர்லைட் என்ற மென்பொருளைச் சார்ந்திருந்தது. அந்த மென்பொருளின் காலம் முடிந்துவர, 2020 பிறந்ததோடு சேவையும் மூடப்பட்டது. டி அண்ட் டி பியாண்டை, ஆட்டத்தின் உரிமையாளரான ஹாஸ்ப்ரோ நிறுவனம் 2022-ல் 14.63 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 ஆகஸ்டில், புதுப்பித்த விதிகள் வரும்போது பாத்திரத் தாள்களில் உள்ள பழைய மந்திரங்களும் மாயப் பொருள்களும் புதியவையாக மாற்றப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஆடுபவர்கள் கொதித்தெழுந்தார்கள், சில நாள்களில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது நல்லது. ஆனாலும் பாதிக் கதையில் இருக்கும் ஒரு பாத்திரத்தின் தாளை, மேஜையில் இல்லாத ஒருவர் மாற்றிவிட முடியும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. 1981-ன் மோல்ட்வே புத்தகம் யாரிடமாவது இருந்தால் அதை இன்றிரவே திறந்து ஆடலாம். அதில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது.

இவ்வளவு சொன்ன பிறகும் கூடை வைக்கும் மாஸ்டர்களோடு என்னால் சேர முடியவில்லை. பார்வை மங்கியவருக்குத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கலாம், திரை படிக்கும் குரலைக் கேட்கலாம். அச்சிட்ட தாள் அவருக்கு வெறும் சாம்பல் நிறம். எழுத்துகள் குழம்பித் தெரியும் வாசிப்புச் சிரமம் உள்ளவருக்கும் அப்படியே. கையில் ஏதாவது செய்துகொண்டே இருந்தால்தான் காது திறக்கும் என்ற இயல்புடையவர்களும் உண்டு. டேப்லெட்டில் கோட்டோவியம் வரைந்துகொண்டே ஒரு சொல் விடாமல் கேட்ட ஒருவரை, கவனிக்கவில்லை என்று நினைத்து நான் ஒருமுறை எல்லோர் முன்னும் கடிந்துகொண்டேன். அவர் நான் சொன்னதை வரிசை பிசகாமல் திருப்பிச் சொன்னார். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவர், இரவுப் பணிக்கு எப்போது அழைப்பு வருமோ என்றிருக்கும் மருத்துவர், இவர்களுடைய ஃபோனையெல்லாம் கூடையில் போடச் சொன்னால் அடுத்த வாரம் அவர்கள் வரமாட்டார்கள். விலக்கு கேட்பவர் தன் உடல்நிலையை மேஜைக்கு முன்னால் விளக்க வேண்டியிருக்கும் எந்த விதியும் மோசமான விதி.

ஆகவே என் மேஜையில் இப்போது நடைமுறை இதுதான். பகடை கையால் உருட்டப்படும். பாத்திரம் பென்சிலால் தாளில் எழுதப்படும். புதியவர் முதல் சில அமர்வுகளுக்குச் செயலியை வைத்துக்கொள்ளலாம், பிறகு நானே பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து தாளில் எழுதுவேன். விதியைத் தேட ஒரே ஒரு திரை, அதுவும் யார் முறை இல்லையோ அவர் கையில். வரைபடத் திரை சண்டைக்கு மட்டும். யாருக்காவது தன் கருவி வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், காரணம் கேட்பதில்லை. ஒன்றரை மணிக்கொரு முறை பத்து நிமிட இடைவேளை; வந்த செய்திகளையெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இந்த இடைவேளையை வைத்த பிறகுதான் மற்ற விதிகள் எல்லாம் உயிர்பெற்றன.

நீங்கள் ஆட்டம் நடத்துபவராக இருந்தால் ஒரு வேண்டுகோள். புதிய கதையைத் தொடங்குமுன் கூடும் அந்த முதல் சந்திப்பில், பாத்திரங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் திரைகளைப் பற்றிப் பேசிவிடுங்கள். யாருக்கு எது தேவை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பிறகு, போன அமர்வில் ஒருவர் தன் முறைக்காக எத்தனை நிமிடம் காத்திருந்தார் என்று உங்கள் கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள். ஃபோனைப் பற்றி அவரிடம் பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.